கண்காணிப்பு அமைப்பு கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

மின்சாரம், குடிநீர், வங்கிப் பரிவர்த்தனை போன்ற சேவைகளை நடத்தும் கணினிகளைக் கண்காணிக்க அமைப்பு கட்டுபவர்களுக்கு, இந்தியாவில் இரண்டு அடுக்கு விதிகள் இருக்கின்றன.

முதலாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. அரசிதழில் ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவிக்கப்பட்ட கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தாலும், நுழைய முயன்றாலும் 10 ஆண்டு வரை சிறை. ஆதார் தரவு மையம் 2015இல் அப்படி அறிவிக்கப்பட்டது. இந்த அமைப்புகளை நடத்துபவர்களுக்கு 2018 மே மாத விதிகள் பொருந்தும். தகவல் பாதுகாப்புக்குத் தனி அதிகாரி, தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மையம், நிர்வாகத் தலைமையின் கீழ் ஒரு குழு, அதில் முக்கியக் கணினிக் கட்டமைப்புகளைப் பாதுகாக்கும் மத்திய அரசு மையமான என்.சி.ஐ.ஐ.பி.சி.யின் பிரதிநிதி என்று அவை கேட்கின்றன.

இரண்டாவது, கணினித் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு. இது அறிவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல. அரசு அலுவலகம், தனியார் நிறுவனம், டேட்டா சென்டர் எல்லோருக்கும் உண்டு. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். லாக் பதிவுகள், அதாவது எப்போது என்ன நடந்தது என்று கணினி தானாக எழுதிவைக்கும் குறிப்புகள், 180 நாள் இருக்க வேண்டும். எல்லாக் கணினிக் கடிகாரமும் என்.ஐ.சி. (அரசின் தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

பலர் அசட்டையாக விடுவது இந்தக் கடிகார விதியைத்தான். நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் பயர்வாலின் லாக்கில் 2:10க்கு ஒரு லாகின். மின் கருவிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் ஸ்காடா சர்வரின் லாக்கில், 2:04க்கு ஒரு பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்திருக்கிறது. லாகினுக்கு முன்பே பிரேக்கர் திறந்ததா, அல்லது ஒரு கடிகாரம் 6 நிமிடத்துக்கு மேல் பிந்தி ஓடுகிறதா? கடிகாரம் சரியில்லை என்றால் 180 நாள் லாக் இருந்தும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அப்புறம், லாக்கை எங்கே வைப்பது? 2015 டிசம்பரில் உக்ரைன் மின் நிறுவனங்களைத் தாக்கியவர்கள் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியதோடு, கணினிகளின் டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் போனார்கள். பதிவு அதே கணினியில் மட்டும் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். அதனால் லாக் உடனுக்குடன் வேறு சர்வருக்குப் போக வேண்டும். அந்த சர்வரின் பாஸ்வேர்டு மற்ற சர்வர் நிர்வாகிகளிடம் இருக்கக் கூடாது.

கண்காணிப்புக் கருவி எல்லா நெட்வொர்க்கையும் தொடுவதால், அதுவே உள்ளே நுழையும் வழியாகிவிடலாம். 2019இல் கூடங்குளத்தில் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. உலையைக் கட்டுப்படுத்தும் பகுதி தனியாக இருந்ததால் பாதிக்கப்படவில்லை என்று அணுமின் கழகம் சொன்னது. அந்தப் பிரிவினையைக் கண்காணிப்புக்காக உடைத்துவிடக் கூடாது. கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து தகவல் வெளியே வரலாம், எதுவும் உள்ளே திரும்பிப் போக முடியாது என்றபடி ஒருவழிக் கருவி வைப்பதுதான் என் பார்வையில் சரி. செலவு கூடும், இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

6 மணி நேரக் கெடுவைக் கண்டு மிரள வேண்டியதில்லை. கைவசம் உள்ள விவரத்தை முதலில் அனுப்பலாம், மீதியைப் பிறகு தரலாம். நள்ளிரவில் மேலதிகாரிக்காகக் காத்திராமல், பணியில் இருப்பவரே அனுப்பலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிடுங்கள்.