வறுத்தால் மட்டும் போதாது, ஆன்ட்டி

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. கானாவின் அக்ராவில், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் பெண்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பெரும்பாலான வீடுகளில் ன்கத்தே கேக் இருக்கும். நம்ம கடலை மிட்டாய்க்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்லத்துக்குப் பதில் சர்க்கரையைப் பழுப்பேறும் வரை உருக்கி, வறுத்த நிலக்கடலையைக் கொட்டிக் கிளறி, ஈரப் பலகையில் பாட்டிலால் உருட்டித் தேய்த்து, ஆறுவதற்குள் வெட்டுவார்கள். பாட்டி, அம்மா வழியாக வந்த கைப்பக்குவம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை கடலையில் இருக்கிறது.

நேற்றுப் போன வீட்டில் தட்டு நிறையக் கடலை. சுருங்கியது, உடைந்தது, பூச்சி துளைத்தது, முனையில் சாம்பல் பூத்தது எல்லாம் கலந்து கிடந்தன. ஒன்றை நசுக்கி முகர்ந்தேன், மக்கிய வாடை.

"இது சந்தையில் விலை குறைவு. வறுத்தால் பூஞ்சை செத்துவிடும், கசப்பு பாகில் தெரியாது" என்றார் அந்த ஆன்ட்டி. வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பூஞ்சை செத்துவிடும், சரி. அது ஏற்கெனவே கடலைக்குள் விட்டுவைத்த அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. பாம்பை அடித்துக் கொன்றால் கடித்த இடத்தில் ஏறிய விஷம் இறங்கிவிடுமா? சர்க்கரை பழுப்பேறுவது 170 டிகிரி செல்சியஸ் பக்கம். இந்த நஞ்சு சிதைய 230 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் கடலை கரியாகிவிடும். சாதாரண வறுப்பில் கொஞ்சம் குறையும், நம்பிச் சாப்பிடும் அளவுக்குக் குறையாது. கழுவினாலும் போகாது. அதற்கென்று ருசியோ வாடையோ கிடையாது என்பதால், கெட்ட கடலையின் கசப்பைச் சர்க்கரையில் மறைக்கிறவர் கையில் இருந்த எச்சரிக்கையையும் தொலைக்கிறார்.

இந்த நஞ்சு கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பரவலாக இருக்கும் இந்தப் பகுதியில் இரண்டும் சேர்ந்தால் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. குழந்தைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பக்கத்திலுள்ள டோகோ, பெனின் நாடுகளில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் இந்த நஞ்சின் தடயம் அதிகமிருந்த குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் பின்தங்கியிருந்தார்கள். ன்கத்தே கேக்கைக் கேட்டு அழுவதும் அவர்கள்தான்.

'கூலி கூலி' என்ற கடலைப் பலகாரம் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எண்ணெய் பிழிந்த பிறகு நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும், அந்தப் பிண்ணாக்கைப் பொரிப்பதுதான் கூலி கூலி. தாக்வா உருண்டையில் கடலையோடு மக்காச்சோள மாவும் சேரும், இரண்டுமே இந்தப் பூஞ்சைக்குப் பிடித்த பயிர்கள். ஒரு சாக்கில் ஒரு பிடி எடுத்துச் சோதித்துவிட்டு மொத்தமும் சுத்தம் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். அடுத்த பிடியில் நூறு மடங்கு இருக்கலாம். மாதிரி எடுப்பதே எங்கள் தொழிலில் பெரிய தலைவலி.

முழுக் கடலையாக வாங்குங்கள், உடைசலும் பொடியும் வேண்டாம். கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். பருப்பில் ஈரம் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சிமெண்டுத் தரையில் சாக்கை வைக்காதீர்கள், கீழே மரப்பலகை போடுங்கள். பிளாஸ்டிக் மூட்டை வேண்டாம், சணல் சாக்கு போதும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் கிராமத்து விவசாயிகள் நன்றாகக் காயவைத்து, கெட்டதைக் கையால் பொறுக்கி, இப்படிச் சேமித்ததிலேயே அவர்கள் உடம்பில் ஏறும் நஞ்சு பாதிக்கு மேல் குறைந்தது. ஆய்வு 2005இல் வெளியானது. இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

பொறுக்குவதை இரண்டு முறை செய்யுங்கள். வறுப்பதற்கு முன் ஒன்று, வறுத்துத் தோல் தேய்த்த பின் இன்னொன்று. தோலுக்கடியில் நிறம் மாறியவை அப்போதுதான் கண்ணில் படும். தயவுசெய்து இதில் சோம்பல் வேண்டாம்.

அந்த ஆன்ட்டி ஒரு ஒலோங்கா (இங்கே சந்தையில் அளக்கும் டின்) கடலையை என் எதிரிலேயே பொறுக்கினார். அரை மணி நேரம் ஆனது. ஒதுக்கியதை எடுத்துக்கொண்டு கோழிக்குப் போட எழுந்தார். உட்கார வைத்து, 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்த கதையைச் சொன்னேன். அஃப்ளாடாக்சின் என்ற ஒன்று இருப்பதே அதன் பிறகுதான் தெரியவந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மகனைக் கூப்பிட்டுக் கொல்லையில் குழி வெட்டச் சொன்னார்.