ரிதம் அண்ட் ப்ளூஸில் நீலம் எங்கே இருக்கிறது?

"தாளமும் நீலமும்." அமெரிக்க இசை ஆவணத் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசைவகைக்கு யாராவது இந்தப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். இந்த வாரம் கண்ணில் பட்டது இன்னும் மோசம்: "நீல இசைத் தொடர்". நீலப்படம் என்றால் தமிழில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படித் தலைப்பு வைத்தால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது யார் அதைப் போட்டுப் பார்ப்பார்கள்?

பெயரின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடலாம். ரிதம் கிரேக்கத்திலிருந்து வந்தது. ப்ளூஸ், மனச்சோர்வைத் தரும் "நீலப் பிசாசுகள்" என்ற பழைய ஆங்கில வழக்கின் சுருக்கம். 18ஆம் நூற்றாண்டிலேயே அது வெறும் மனச்சோர்வு என்ற பொருளுக்கு வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துத் துறைப் பெயராக்கியவர் ஜெர்ரி வெக்ஸ்லர். பில்போர்ட் என்ற அமெரிக்க இசைத்துறை இதழில் அவர் வேலை பார்த்தபோது கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளுக்கு "ரேஸ் ரெக்கார்ட்ஸ்" (இன இசைத்தட்டுகள்) என்று தனிப் பட்டியல் இருந்தது. 1949 ஜூனில் அதன் பெயர் "ரிதம் அண்ட் ப்ளூஸ்" என்று மாறியது. விற்பனைப் பட்டியலுக்கு வைத்த பெயர்தான் பிறகு இசைக்கே பெயராக ஒட்டிக்கொண்டது.

சரி, நீலத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் நீலம் சோகத்தின் நிறம். தமிழில் நீலம் கண்ணனின் மேனி, குவளைப் பூ, சிவன் கழுத்தில் நின்ற நஞ்சு. அழுகையோடு அந்தச் சொல் சேர்வது ஒரே இடத்தில்தான்: நீலிக் கண்ணீர். அதுவோ பொய்யழுகை! நெஞ்சுக்குள்ளிருந்து வரும் பாட்டுக்கு அதன் நிழல் படும் பெயரை வைப்பதை மொழிபெயர்ப்பு என்று எப்படிச் சொல்வது? அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கட்சி "ஒப்பாரி இசை" என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தமிழ் மணமும் உண்டு. ஆனால் ஒப்பாரி செத்தவருக்காகப் பாடுவது. ப்ளூஸ் பாடுகிறவர் உயிரோடிருக்கும் துரோகியைத் திட்டுவார், வாடகை கொடுக்க முடியாததைக் கிண்டலடிப்பார். பன்னிரண்டு பார் (மேற்கத்திய இசையின் தாளக் கட்டம்) கொண்ட ஒரு சுற்றில் முதல் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் பதிலை வைப்பார். அந்த மூன்றாம் அடியில் பல சமயம் சிரிப்பு வரும். ஒப்பாரி என்று எழுதினால் அந்தக் குறும்பு போய்விடும்.

"தாளம்" பாதி சரி. நம் தாளம் என்பது ஆதி, ரூபகம் மாதிரி எண்ணி வரும் சுற்று. ரிதம் அதைவிட விரிந்தது, லயத்துக்கு நெருக்கமானது. இந்த இசையிலோ இரண்டாம், நான்காம் தட்டில் விழும் அழுத்தம்தான் உடம்பை ஆட்டுகிறது.

என் கணக்கில் "துள்ளல் ப்ளூஸ்" பொருந்தும். பாடகர் லூயிஸ் ஜோர்டன் காலத்து ஜம்ப் ப்ளூஸ், அதாவது ஆட வைக்கும் வேகமான ப்ளூஸ்தான் ரிதம் அண்ட் ப்ளூஸின் நேரடித் தாய். துள்ளலோ நம் யாப்பில் கலிப்பாவின் ஓசைக்கே பெயர். ப்ளூஸை அப்படியே விடலாம். கஜலையும் கவ்வாலியையும் யாரும் தமிழாக்கவில்லையே! ஆனால் இன்று ஆர் அண்ட் பி என்ற சுருக்கப் பெயரில் வரும் மெதுவான காதல் பாட்டுகளுக்குத் துள்ளல் ஒட்டாது. அங்கே ஆர் அண்ட் பி என்றே எழுதுங்கள்.

இந்த மொழிபெயர்ப்பு அவசரம் இசையோடு நிற்பதில்லை, படத் தலைப்பிலும் வருகிறது. 2003இல் மார்ட்டின் ஸ்கோர்செசி முன்னின்று அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த ப்ளூஸ் தொடரில் ஏழு படங்கள், ஏழு இயக்குநர்கள், ஏழு பேரும் ஆண்கள். இத்தனைக்கும் 1920இல் ப்ளூஸை முதலில் இசைத்தட்டில் பாடிய கறுப்பினப் பாடகர் மேமி ஸ்மித் என்ற பெண். தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்லிவிட்டு, கறுப்பினப் பெண் ஆவணப்பட முன்னோடி மேடலின் ஆண்டர்சனை நினைவுபடுத்துவது நியாயம்தான். அவருடைய 1970ஆம் ஆண்டுப் படம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் முந்தைய ஆண்டு வேலைநிறுத்தம் செய்த மருத்துவமனைப் பணியாளர்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். படத்தின் பெயர் 'ஐ ஆம் சம்படி', அதாவது நான் மதிப்புள்ள ஒரு ஆள். அதைத் தமிழில் "நான் யாரோ ஒருவர்" என்று போட்டிருக்கிறார்கள். தங்களை யாரோ மாதிரி நடத்தியதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் வாயில் அதையே திணித்தாயிற்று. "நானும் ஒரு மனுஷிதான்" என்று எழுத என்ன தடை? மனுஷி பேச்சு வழக்கு, தூய தமிழில்லை என்பார்களோ என்னவோ. அப்படியானால் "நானும் ஒரு ஆள்தான்" என்று எழுதட்டும்.