ராத்திரி செய்த சிக்கன் பாஸ்தா காலை வரை எங்கே இருந்தது?

வாந்தி, வயிற்றுவலி என்று வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். உணவியல் நிபுணராக நான் கூடவே இன்னொன்றும் கேட்பேன்: அது ராத்திரி முழுக்க எங்கே இருந்தது? போன மாதம் ஒரு அம்மா பத்து வயதுப் பையனோடு வந்தார். காலையில் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வாந்தி. "வீட்ல செஞ்ச சிக்கன் பாஸ்தாதான் மேடம், நல்லா சூடு பண்ணித்தான் குடுத்தேன்" என்றார். ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தது, விடியும்வரை அடுப்பு மேலேயே மூடி போட்டு இருந்திருக்கிறது.

அந்த 'சூடு பண்ணினேன்'இல்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பாஸ்தா, சோறு போன்றவற்றில் பேசில்லஸ் செரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், கொதிக்க வைத்தாலும் அவை பிழைத்துக்கொள்ளும். சாப்பாடு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நச்சை விடும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பெரும்பாலும் ஒரு நாள் வாந்தியோடு சரியாகிவிடும். ஆனால் 2008-இல் பெல்ஜியத்தில் ஐந்து நாள் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் ஒருவர் மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார்.

இதற்காகப் பாஸ்தாவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஹோட்டலில் இரண்டு தட்டு வாங்குகிற காசில் வீட்டில் நாலு பேர் சாப்பிடலாம்: முக்கால் கிலோ கோழி, 300 கிராம் பாஸ்தா, ஆறு பழுத்த தக்காளி. பாஸ்தா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், டியூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும் (இத்தாலியில் 1967-இல் இதற்குச் சட்டமே போட்டார்கள்). மைதா என்றால் வைத்துவிட்டு வாருங்கள், குழைந்து கூழாகிவிடும்.

செய்யப்போவது கச்சாத்தோரா, வேட்டைக்காரர் பாணிக் கோழி. எலும்போடு தொடைக்கறி வாங்குங்கள், விலையும் குறைவு, சாறும் இறங்கும். கோழியைக் கழுவாதீர்கள் என்றுதான் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன, ஏனென்றால் தண்ணீர் தெறித்துக் கிருமி சமையல் மேடையெங்கும் பரவும். நம் ஊரில் இதை யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கும் தெரியும். அதனால் குழாயடியில் பிடிக்காமல் பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, மெதுவாகக் கொட்டிவிட்டு, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கறியை எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, மசித்த தக்காளி, உப்பு, அப்புறம் பீட்சாவோடு வந்து ஃபிரிட்ஜ் கதவில் தூங்குகிற ஓரிகானோ பொட்டலங்கள் இரண்டு. கறியைத் திரும்பப் போட்டு மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். கரம் மசாலா டப்பா பக்கம் கை போகக் கூடாது! பெரிய துண்டை எலும்புவரை கீறிப் பாருங்கள், இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும்.

பாஸ்தாவைப் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டியோடு குழம்பில் போட்டுப் புரட்டினால் குழம்பு பாஸ்தாவில் ஒட்டிக்கொள்ளும். வேகும் தண்ணீரில் எண்ணெய் விடுவது வீண். இத்தாலியில் வழக்கமாகப் பாஸ்தா முதலில் வரும், கோழி தனியாக அப்புறம் வரும், இப்படி ஒன்றாகப் புரட்டுவதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், நம் ஊர் வெயில் காலத்தில் ஒரே மணி நேரம். "சூடா வெச்சா ஃபிரிட்ஜ் கெட்டுப்போயிடாதா மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார். சட்டியோடு வைக்காதீர்கள், அகலமான டப்பாவில் மெல்லிசாகப் பரப்பினால் பத்து இருபது நிமிடத்தில் ஆவி அடங்கிவிடும், அப்போது மூடி உள்ளே வையுங்கள் என்றேன். பையன் அதற்குள், இன்றைக்கும் பாஸ்தா உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.