வீடு விக்கிற மாசத்துல புள்ளைய யாரு பாத்துக்குறாங்க?

ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்ததும், அதே மாதிரி மார்கழி போய் தை வந்ததும் எங்க கிளினிக்ல ஒரே மாதிரி கேஸா வரிசையா வரும். நான் திருச்சியில 17 வருஷமா குழந்தைங்க டாக்டரா இருக்கேன். ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம ஊர்ல யாரும் வீடு மாத்த மாட்டாங்க, அது முடிஞ்சதும் எல்லாரும் ஒரே சமயத்துல பால் காய்ச்சுவாங்க, அதனால அந்த ரெண்டு மூணு வாரத்துல ஒன்றரை வயசு ரெண்டு வயசு மூணு வயசுப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு எந்த அம்மா வந்தாலும் நான் முதல்ல கேக்கறது "வீடு மாத்துறீங்களாம்மா?"ன்னுதான். பாதி பேர் "எப்படி டாக்டர் கண்டுபுடிச்சீங்க?"ன்னு ஆச்சரியப்படுவாங்க.

கொஞ்ச வருஷம் முன்னாடி வந்த ஒரு பையன பத்தி சொல்றேன், அடையாளம் தெரியாத மாதிரி சிலத மாத்தியிருக்கேன். ரெண்டு வயசு. சொந்த வீட்ட வித்துட்டு ஃபிளாட்டுக்கு போறாங்க. பட்டி பாத்து பெயின்ட் அடிச்சு வச்சா விலை கூட வரும்னு புரோக்கர் சொல்லியிருக்கார், ஆள் வச்சு வேலை நடக்குது. பெயின்டர் தின்னரை ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்தி ஜன்னல் திண்டுல வச்சிருக்கார். அன்னிக்கு அந்த வீட்டுல ஏழு பேர் இருந்தாங்க. அம்மா பரண்ல இருந்து பாத்திரம் எறக்கிக்கிட்டு இருந்தாங்க, அப்பா வாசல்ல பார்ட்டிகிட்ட விலை பேசிக்கிட்டு இருந்தார், பாட்டி அடுப்படியில, தாத்தா பத்திரத்த தேடிக்கிட்டு, அத்தை வேற எங்கயோ, பெயின்டர் ரெண்டு பேர். பையன் அம்மாகிட்ட இருக்கான்னு பாட்டி நெனச்சாங்க, பாட்டிகிட்ட இருக்கான்னு அம்மா நெனச்சாங்க. தாகம் எடுத்திருக்கு, பாட்டில் தெரிஞ்ச பாட்டில், எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். பதறிப்போய் பாட்டி உப்புத்தண்ணி குடுத்து தொண்டையில விரல விட்டு வாந்தி எடுக்க வச்சுட்டாங்க. தயவு செஞ்சு இத மட்டும் எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க: தின்னர், டர்பென்டைன், மண்ணெண்ணெய் இதெல்லாம் வயித்துக்குள்ள போறத விட நுரையீரலுக்குள்ள போறதுதான் பெரிய ஆபத்து, வாந்தி எடுக்க வைக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள்ள போகத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பையன் அஞ்சு நாள் ஆக்சிஜன்ல இருந்தான். நல்லபடியா வீட்டுக்கு போயிட்டான், ஆனா அந்த பாட்டி அஞ்சு நாளும் வார்டு வாசல்ல உக்காந்து "நான்தான் கெடுத்துட்டேன்"னு அழுதத நான் மறக்கவே மாட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. யாரும் அவங்களுக்கு சொல்லித் தரல, அவ்ளோதான். புள்ள இந்த மாதிரி எதையாவது குடிச்சா ஒண்ணும் குடுக்காதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, அந்த பாட்டிலயும் கையோட எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் குறைஞ்சது ஆறு மணி நேரமாவது கண்காணிக்கணும்.

அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தை எனக்குள்ள நின்னுடுச்சு. "எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே டாக்டர் இருந்தோம்." ஆமா, எல்லாரும் இருந்தாங்க, ஆனா அந்த நேரத்துக்கு இன்னார்தான் பொறுப்புன்னு யாரும் இல்ல. சாதாரண நாள்ல வீட்டுக்கு ஒரு பழக்கம் இருக்கும், காலையில யாரு, மதியம் யாருன்னு தானா ஓடும். வீடு விக்க ஆரம்பிச்ச உடனே அது கலைஞ்சு போயிடுது. அதனால நான் இப்ப வர்ற எல்லார்கிட்டயும் சொல்றது, வாயைத் தொறந்து பேர் சொல்லி ஒப்படைங்க. "அத்தை, இப்ப தம்பி உங்க பொறுப்பு, நாலு மணி வரைக்கும்"னு சொல்லுங்க, அவங்க "சரி"ன்னு சொன்னப்புறம் நகருங்க. அந்த நேரம் அவங்களுக்கு வேற எந்த வேலையும் குடுக்காதீங்க, பாத்திரம் கட்டச் சொல்லாதீங்க, போனும் பையில இருக்கட்டும். நம்ம வீடுங்கள்ல இது பெரும்பாலும் பாட்டி தலையிலதான் விழும், 65 வயசுல முட்டி வலியோட ரெண்டு வயசுப் புள்ள பின்னாடி நாள் பூரா ஓட முடியாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்துங்க.

இன்னொண்ணு, வீடு பாக்க வர்றவங்க. அவங்க வர்ற நேரம் எப்பவும் மதியம் ரெண்டு மணியாத்தான் இருக்கும், ஞாயித்துக்கெழமைன்னா மூணு பார்ட்டி. புள்ள தூங்குற நேரம் அது. தூக்கத்துல இருந்து எழுப்பி, அவன் கட்டுன பிளாக்ஸ எல்லாம் அள்ளி கட்டிலுக்கு அடியில தள்ளி, தெரியாத நாலு பேர் அவன் படுக்கையறைக்குள்ள நடக்கும்போது "அங்கிளுக்கு வணக்கம் சொல்லு"ன்னா அவன் அழத்தான் செய்வான். அத அடம்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, தூக்கம் கெட்ட எந்த மனுஷனும் அப்படித்தான் இருப்பான். புரோக்கர்கிட்ட நாலு மணிக்கு மேல கூட்டிட்டு வாங்கன்னு கறாரா சொல்லுங்க. பார்ட்டி கைவிட்டுப் போயிடும்னு பயமுறுத்துவாங்க, நெஜமா வாங்கணும்னு நெனக்கறவங்க நாலு மணிக்கும் வருவாங்க.

மூணு வயசுப் பொண்ணு ஒருத்தி, ராத்திரி தூங்காம அழறான்னு கூட்டிட்டு வந்தாங்க. பேசிக்கிட்டே இருந்தப்ப மெதுவா என்கிட்ட கேட்டுச்சு, "வீட்ட வித்துட்டாங்க, என்னயும் வித்துடுவாங்களா?" அந்த வயசுக்கு விக்கறதுன்னா என்னன்னு தெரியாது, இருந்தது இல்லாம போகும்னு மட்டும் தெரியும். அதுல மாமா சித்தப்பாலாம் வேற வெளையாட்டுக்கு "ஒன்ன தவிட்டுக்குத்தானே வாங்குனோம், இங்கயே விட்டுட்டு போயிடுறோம்"னு சொல்லுவாங்க. மத்த நேரத்துல எப்படியோ, இந்த மாசம் மட்டும் அந்த வெளையாட்டு வேண்டாம்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிடுங்க. புள்ளைகிட்ட சின்னச் சின்ன வாக்கியமா, ஒரே மாதிரி, தினமும் சொல்லுங்க: நாம எல்லாரும் சேந்து போறோம், ஒன் கட்டில் வருது, ஒன் டெடி வருது, தாத்தா வர்றார். ரெண்டு வயசுக்கு ஒரு மாசம் முன்னாடியே சொல்லி பிரயோஜனம் இல்ல, ஒரு வாரம் பத்து நாள் போதும்.

அடுத்து பெட்டி கட்டுற வாரம். பரண்ல இருந்தும் பீரோவுல இருந்தும் பல வருஷமா கையெட்டாத உயரத்துல இருந்ததெல்லாம் தரைக்கு வரும், தரைதான் இந்த வயசுப் புள்ளைங்களோட உலகம். பட்டுப் பொடவைக்குள்ள போட்ட பாச்சை உருண்டை, அந்துருண்டைன்னும் சொல்லுவாங்க, பாக்க மிட்டாய் மாதிரியே இருக்கும். நாப்தலீன் உருண்டையா இருந்தா, ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுவுல ஒரு நொதி பொறப்புலயே கம்மியா இருக்கறது) இருக்கற புள்ளைங்களுக்கு ஒண்ணு தின்னாலே ரத்த அணுக்கள் உடைய ஆரம்பிச்சுடும், ரெண்டு மூணு நாள் கழிச்சு மூத்திரம் கட்டங்காப்பி கலர்ல போகும், ஒடம்பு வெளுத்துப் போகும். அதோட தாத்தாவோட சுகர் மாத்திரை. அதுல சில வகை இருக்கு, ஒரே ஒரு மாத்திரை போதும், சின்னப் புள்ளைக்கு சர்க்கரை பயங்கரமா எறங்கி வலிப்பு வந்துடும். எலி பேஸ்ட்டும் அப்படித்தான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்ட தின்ன புள்ள முதல் ஒரு நாள் நல்லா வெளையாடிக்கிட்டு இருக்கும், கல்லீரல் கெட ஆரம்பிக்கறது அதுக்கப்புறம்தான், அதனால "நல்லாத்தானே இருக்கான்"னு ஒரு நாளும் வீட்டுல வச்சுப் பாக்காதீங்க.

பட்டன் பேட்டரி பத்தி தனியாவே சொல்லணும். சின்ன ரிமோட், கார் சாவி, எடை பாக்கற மிஷின், சத்தம் போடற பொம்மை, எல்லாத்துலயும் இருக்கு. சாமான் கட்டும்போது ரிமோட் கீழ விழுந்து பின்மூடி தெறிக்கும், பேட்டரி உருண்டு சோபாவுக்கு அடியில போகும், சோபாவ தூக்கும்போது அத முதல்ல பாக்கறது புள்ளதான். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாய்ல மாட்டிக்கிச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே அந்த இடம் வெந்து போக ஆரம்பிச்சுடும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியோட, வாய் வழியா குழாய் விட்டு பாத்து எடுக்கற எண்டோஸ்கோப்பியும் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஒரு வயசு தாண்டின புள்ளைன்னா, முழுங்கி பன்னெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா, போற வழியில பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன் குடுக்கலாம், ஆறு தடவை வரைக்கும், அது எரியறத கொஞ்சம் மட்டுப்படுத்தும். தேன் இல்லன்னு கடைக்கு போய் நேரத்த வீணாக்காதீங்க. வெஷம் சம்பந்தமா எந்த சந்தேகம்னாலும் டெல்லி எய்ம்ஸ்ல இருக்கற தேசிய விஷத் தகவல் மையத்துக்கு 1800 116 117ல கேக்கலாம், ஆம்புலன்சுக்கு 108.

பழைய பெயின்ட்ட சுரண்டறதும் சாதாரண விஷயம் இல்ல. பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுங்கற விதி நம்ம நாட்டுல நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்லதான், அதுக்கு முன்னாடி ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் அடிச்ச எனாமல்ல ஈயம் இருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. காய்ஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வர்ற தூசு தரையில படியும், தவழற புள்ள கைய வாயில வைக்கும். தேய்க்கிற நாட்கள்ல புள்ளைய வேற வீட்டுல வையுங்க, ஈரத்துணியில துடைச்சப்புறம் கூட்டிட்டு வாங்க.

சாமான் ஏத்துற நாள்ல புள்ள அங்க இருக்கவே வேண்டாம், இத நான் ரொம்ப அழுத்தியே சொல்லுவேன். குட்டி யானை ரிவர்ஸ் எடுக்கும், கட்டைய கழட்டின பீரோ சுவத்துல சாஞ்சு நிக்கும், புது வீட்டுல பிளம்பர் சம்ப்ப கழுவிட்டு மூடிய பாதி மூடி வச்சிருப்பார், பாத்ரூம்ல பக்கெட் நெறைய தண்ணி புடிச்சு வச்சிருப்பாங்க. இந்த வயசுல தலை கனம் அதிகம், பக்கெட்டுக்குள்ள தலைகீழா விழுந்தா தானா எழுந்துக்க முடியாது, சத்தமும் வராது. புள்ளைய வச்சுக்க யாரும் இல்லன்னா பால் காய்ச்சற நாளுக்கு முன்னாடியே ஒரு தடவை நீங்க மட்டும் போய் சம்ப் மூடி, பால்கனி கம்பி இடைவெளி, மொட்டை மாடிக் கதவு இந்த மூணையும் பாத்துட்டு வந்துடுங்க. பால் காய்ச்சற அன்னிக்கு சூடத்த தரையில வைக்காதீங்க, கற்பூரம் கொஞ்சம் தின்னாலே அரை மணி நேரத்துக்குள்ள வலிப்பு வந்து தூக்கிட்டு வந்த புள்ளைங்கள பாத்திருக்கேன். இளைப்பு இருக்கற புள்ளைன்னா புது பெயின்ட் வாசனையும் ஹோமப் புகையும் சேந்து அன்னிக்கு ராத்திரியே மூச்சு வாங்கும், இன்ஹேலரும் அதோட மாட்டற ஸ்பேசர் குழாயும் லாரியில போகக்கூடாது, உங்க கைப்பையில இருக்கணும். தடுப்பூசி அட்டையும் அப்படியே, 16லேர்ந்து 24 மாசத்துக்குள்ள போடற ஊசி இந்த கலவரத்துல விட்டுப்போறது அடிக்கடி நடக்குது, எந்த ஊருக்கு போனாலும் அங்க இருக்கற அரசு சுகாதார நிலையத்துலயே போட்டுக்கலாம்.

குடி போனப்புறம் ரெண்டு மூணு வாரம் புள்ளையோட வளர்ச்சி கொஞ்சம் பின்னாடி போற மாதிரி இருக்கும். விரல் சூப்பறத விட்டவன் திரும்ப சூப்புவான், ஜட்டியில ஒண்ணுக்கு போவான், அம்மா இடுப்ப விட்டு எறங்க மாட்டான். திட்டாதீங்க, அடிக்காதீங்க, தானா சரியாகும். நான் அதிகமா பாக்கறதும், யாரும் எதிர்பாக்காததும் மலச்சிக்கல்தான். பழைய வீட்டுல கொல்லையிலயோ இந்தியன் டாய்லெட்லயோ உக்காந்து பழகின புள்ளைய புது ஃபிளாட்ல வெஸ்டர்ன் மேல தூக்கி உக்கார வச்சா கால் தரையில படாது, உள்ள விழுந்துடுவோம்னு பயம், அடக்கிக்கும். அஞ்சு நாள் அடக்கினா கட்டியாகி கிழிஞ்சு ரத்தம் வரும், அந்த வலிக்கு பயந்து இன்னும் அடக்கும். காலுக்கு ஒரு சின்ன ஸ்டூல் போடுங்க, இல்ல பழைய வீட்டுல சின்னப் புள்ளைங்க டாய்லெட் சீட் இருந்தா அதயே கொண்டு போங்க.

ஆனா ஒண்ண மட்டும் வீடு மாத்துனது மேல போடாதீங்க. அம்மா, தண்ணி, வா போன்னு பேசிக்கிட்டு இருந்த புள்ள அந்த வார்த்தைங்கள விட்டுடுச்சு, கூப்ட்டா திரும்பல, கண்ண பாக்கலன்னா, "புது இடம், பழகிடும்"னு மாசக்கணக்குல காத்திருக்காதீங்க. அது ஆட்டிசத்தோட அறிகுறியாவும் இருக்கலாம், அந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரு குடும்பம் ஒரு வருஷம் காத்திருந்து வந்தாங்க, அந்த ஒரு வருஷ பயிற்சி அந்தப் புள்ளைக்கு கெடைக்காம போச்சு.

எங்க வீட்ட வித்துட்டு நாங்க மாறினப்ப என் பையனுக்கு ரெண்டரை வயசு. இத்தனையும் தெரிஞ்ச நானே அவனோட போர்வைய துவைச்சு பெட்டியில போட்டு லாரியில அனுப்பிட்டேன், அந்தப் பெட்டி எதுன்னு தெரியல. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் அழுதான். எங்க மாமியார் அவங்க கட்டியிருந்த பழைய நூல் பொடவைய மாத்திட்டு வந்து அத மடிச்சு அவன் தலைமாட்டுல வச்சாங்க. அதுல மொகத்த வச்சு மோந்துட்டு, ரெண்டு நிமிஷத்துல தூங்கிட்டான். இப்ப வீடு மாத்துறோம்னு சொல்றவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்லி அனுப்பறது, புள்ளையோட போர்வைய துவைக்காதீங்க, அத கையில எடுத்துட்டுப் போங்கன்னு.