நித்திய கல்யாணிக் கஷாயமும் ஊசியில் ஏறும் மருந்தும்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நித்திய கல்யாணி ஒரு பணப்பயிர். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு வாய் வைக்காது. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி வைத்த இந்தச் செடியின் இலை, மூட்டை மூட்டையாகப் போவது புற்றுநோய் மருந்துக்கு. உடனே ஒரு கேள்வி வரும்: “செடி நம்ம காட்டுலயே கிடக்கு. அவிச்சுக் குடிச்சாப் போதாதா, கீமோ எதுக்கு?”

நியாயமான கேள்விதான். பதில் 1950களில் கனடாவில் கிடைத்தது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கஷாயமாகக் குடித்துவந்தார்கள். அது உண்மையா என்று ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் சோதித்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கவே இல்லை. ஊசியில் ஏற்றியபோதோ எலிகள் கிருமித்தொற்று கண்டு செத்தன. அவற்றின் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுவைக் குறைக்கும் சரக்கு ரத்தப் புற்றையும் அடக்கலாமே என்று யோசித்துத்தான் இலையிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டின் என்ற மருந்தை 1958இல் அறிவித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாட்டு வழக்கம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது மெய். ஆனால் அது சொன்ன நோய் வேறு, கிடைத்த பலன் வேறு.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்க நுண்குழல்கள் உருவாகும். அந்தக் குழல்களுக்கான புரதத்தை வின்கிரிஸ்டின் பிடித்துக்கொள்ளும். பிரிதல் பாதியில் நின்று செல் சாகும். ஒரு கிராம் மருந்துக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கு ஒருமுறை ஏற்றுவது பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. கூடினால் நரம்பு கெடும். கணக்குப் போட்டால் ஒரு ஊசிக்கு ஒரு கிலோ இலை. வீட்டுக் கஷாயத்தில் எந்தச் சத்து எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

குற்றாலச் சீசனில் விற்கும் முள்சீத்தாவுக்கு இந்த வரலாறு கிடையாது. அதன் சத்து ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்கிறது, அவ்வளவே. தட்டில் கொல்லக் கெட்டியான உப்புக்கரைசலே போதும்! மனிதரிடம் குணம் காட்டிய நம்பகமான சோதனை இல்லை. அளவுக்கு மீறித் தின்பதை நடுக்குவாதம் போன்ற நரம்புக் கோளாறோடு தொடர்புபடுத்திய ஆய்வுகள் உண்டு.

மஞ்சள் கிழங்கிலிருந்து செய்யும் மாத்திரையில் வேறு சிக்கல். மஞ்சளின் சத்தான குர்குமின் ரத்தத்தில் சரியாக ஏறாது என்பதால் மிளகின் பைப்பெரினைச் சேர்க்கிறார்கள். அது, மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளைத் தடுக்கும். வின்கிரிஸ்டினைச் சிதைக்கும் நொதியையும் அது தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ரசத்து மிளகைச் சொல்லவில்லை, செறிவூட்டிய காப்ஸ்யூலைத்தான்.

எல்லாவற்றையும் தள்ளவும் கூடாது. மார்பகப் புற்றுக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவதால் மூட்டு வலித்த 226 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. சிலருக்கு நிஜ அக்குபங்சர், சிலருக்குப் பெயருக்குக் குத்திய போலி ஊசி, சிலருக்கு எதுவுமில்லை. நிஜ ஊசிக்காரர்களுக்கு வலி சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. கட்டி கரையவில்லை, கரையும் என்று அங்கே யாரும் சொல்லவும் இல்லை. களைப்புக்கும் தூக்கத்துக்கும் யோகா உதவுவதும் இந்த வகைதான்.

அமெரிக்க ஆய்வொன்றில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைப் போல 2.5 மடங்கு. வழக்கமான சிகிச்சையோடு மற்றதையும் சேர்த்துக்கொண்டவர்களை அடுத்த ஆய்வு பார்த்தது. அவர்களுக்கும் அபாயம் இருமடங்கு! ஆனால் அறுவை, கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை என ஏதோ ஒன்றை மறுத்தவர்கள் அவர்களிடையே அதிகம். அதையும் கணக்கில் சேர்த்தபோது வித்தியாசம் நிலைக்கவில்லை.

பாளையங்கோட்டை சித்தா கல்லூரியில் மருந்து வாங்குகிறவர் தம் கீமோ மருந்தின் பெயரை அங்கே சொல்லட்டும். சித்த மருந்துச் சீட்டைப் புற்றுநோய் மருத்துவரிடமும் காட்டட்டும். பாதரசம் சேர்ந்த மெழுகு என்ற சித்த மருந்து வகை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்: பாதரசமும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் தாக்குவது அதே சிறுநீரகத்தைத்தான்.