க்ளூவைன் ஏன் கொதிக்கக் கூடாது?

ஜெர்மனில நவம்பர் கடைசி வந்துட்டா ஊருக்கு ஊர் கிறிஸ்மஸ் சந்தை போட்டுடுவாங்க, அதுல நியூரம்பெர்க் சந்தை ரொம்ப ஃபேமஸ், அந்தக் குளிர்ல நிக்கிறவங்க கைல ஆவி பறக்க ஒரு மக் இருக்கும் பாருங்க, அதான் க்ளூவைன். பெரும்பாலும் ரெட் வைன், அதுல சர்க்கரை, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல். தண்ணி ஊத்திப் பெருக்கிட்டு இந்தப் பேர்ல விக்க ஐரோப்பிய யூனியன் சட்டம் விடாது, ஆல்கஹாலும் குறைஞ்சது 7% இருக்கணும்.

இதைச் செய்றவங்க எல்லாரும் சொல்றது, கொதிக்க மட்டும் விட்டுடாதீங்க. ஏன்னு கேட்டா 78 டிகிரில ஆல்கஹால் பறந்துடும்பாங்க. இது பாதிதான் சரி. 78 டிகிரிங்கிறது சுத்தமான எத்தனால், அதாவது வைன்ல இருக்கிற ஆல்கஹால், தனியா கொதிக்கிற சூடு, தண்ணியோட கலந்துட்டா கணக்கே வேற, 12% ஆல்கஹால் இருக்கிற வைன் கொதிக்கணும்னா கிட்டத்தட்ட 91 டிகிரி வரணும். ஆனா அதுக்கு முன்னாடியே ஆல்கஹால் மேலாக்க ஆவியா போயிட்டேதான் இருக்கும், சூடு ஏற ஏற வேகமா. கொதிச்சா இன்னும் மோசம், அந்த ஆவில ஆல்கஹாலோட பங்கு வைன்ல இருக்கிறதை விட பல மடங்கு.

எனக்கு இதைவிட பெரிய நஷ்டமா தெரியறது வாசனைதான். பட்டைல சின்னமால்டிஹைடு, கிராம்புல யூஜினால், ஆரஞ்சுத் தோல்ல லிமோனீன், எல்லாமே எண்ணெய் சமாச்சாரம், வெறும் தண்ணில லேசுல கரையாது, ஆல்கஹால் இருக்கிறதால வைன்ல கொஞ்சம் நல்லா இறங்குது. தளதளன்னு கொதிக்க விட்டா அந்த ஆவியே இதையெல்லாம் தூக்கிட்டுப் போயிடும். வீடு பூரா கமகமன்னு மணக்குதுன்னா மக்ல அந்த அளவுக்குக் குறையுதுன்னு அர்த்தம். நாம ரசத்தை நுரை கட்டினதும் இறக்கிடுறோமே, அதே மாதிரிதான்.

அதனால ஒரு 70 டிகிரி பக்கம் வச்சு, மூடி போட்டு, அரைமணி நேரம் ஊற விட்டாலே போதும். அப்புறம் மசாலாவை வடிகட்டி எடுத்துடணும், கிராம்பு ரொம்ப நேரம் கிடந்தா மத்த வாசனையை எல்லாம் அமுக்கிடும். ஆரஞ்சுத் தோலுக்கு உள்பக்கம் இருக்கிற வெள்ளையையும் சீவிட்டுப் போடுங்க, கசப்பு அதுலதான்.

குடிச்சதும் உடம்பு கதகதன்னு ஆகுறது பாதி ஏமாத்து வேலை. ஆல்கஹால் தோல்ல இருக்கிற ரத்தக் குழாயை விரிக்குது, உள்ள இருக்கிற சூடான ரத்தம் தோலுக்கு வருது, நமக்கு சூடா தெரியுது, ஆனா அந்த சூடு அப்படியே வெளிய போயிட்டிருக்கும். ரெண்டு மக் குடிச்சுட்டு குளிரலைன்னு கோட்டைக் கழட்டிடாதீங்க.