மேகமே இல்லாமல் கொட்டும் பனி

போன ஜூனில் அக்கா மகன் லெசோத்தோவிலிருந்து போன் பண்ணினான். தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கிற மலைநாடு அது, ஜூனில்தான் அங்கே குளிர்காலம். ஆஃப்ரிஸ்கிக்குப் போயிருந்தான், மலுட்டி மலையில் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற பனிச்சறுக்கு இடம். பள்ளி லீவு விட இன்னும் ஒரு வாரம் இருந்தது. சரிவில் கூட்டமில்லை, லிஃப்டுக்கு வரிசையில்லை, விழுந்தால் பார்த்துச் சிரிக்கவும் ஆளில்லை என்று ஒரே குஷி. அப்புறம்தான் கேட்டான்: "மாமா, வானத்துல பொட்டு மேகம் இல்ல. சுத்தி மலையெல்லாம் காய்ஞ்ச புல்லு. இந்த ஒரு சரிவுல மட்டும் பனி. ராத்திரி தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டுது, மைனஸ்கூட இல்ல, ஆனா மிஷின் பனியா கொட்டுது. எப்படி?"

நல்ல கேள்வி. மிஷின் என்ன செய்கிறது என்பது சுலபம்: தண்ணீரைப் பொடிப்பொடித் துளிகளாக்கிக் காற்றில் வீசுகிறது, அவை தரையைத் தொடுவதற்குள் உறைய வேண்டும். சுத்தமான சின்னத் துளி பூஜ்யத்தில் உறைந்துவிடாது, மைனஸ் 38 வரைகூடத் தண்ணீராகவே அடம்பிடிக்கும் என்பதால், அழுத்திய காற்றை விரியவிட்டுக் குட்டிக் குட்டிப் பனி விதைகளைத் துளிகளோடு கலந்துவிடுகிறார்கள். விதை பட்டதும் துளி உறையத் தொடங்கிவிடும். சரி, அது இருக்கட்டும். காற்று 2 டிகிரியில் இருக்கும்போது துளி எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது? எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது, போகிற வழிக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கிற தண்ணீரிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகிறது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பக்கத்தில் அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் கித்தான் பையில் தண்ணீர் ஊற்றி பம்பரில் தொங்கவிட்டதும் இதே வித்தை. பறக்கிற ஒவ்வொரு துளியும் ஒரு மண்பானைதான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,500 ஜூல் வேண்டும்; பூஜ்யத்தில் நிற்கிற ஒரு கிராம் தண்ணீரை உறைய வைக்க 334 ஜூலை வெளியேற்றினால் போதும். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராம் ஆவியாகிப் போனால் ஏழு கிராமுக்கு மேல் பனியாகும்! இதைவிட லாபமான வியாபாரம் எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆனால் ஆவியாகக் காற்றில் இடம் வேண்டும். டர்பனில் பிப்ரவரி மாதம் மண்பானை வைத்தால் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது, காற்றே நனைந்த துண்டு மாதிரி இருக்கும். மலுட்டியில் குளிர்காலக் காற்றோ அப்பளம் மாதிரி காய்ந்தது. 2 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், அந்த உயரத்தில் துளியின் வெப்பநிலை மைனஸ் 3-ஐத் தாண்டியும் இறங்கும், மிஷினுக்கு அது போதும். இதற்குத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர், தெர்மாமீட்டர் நுனியில் ஈரத்துணி சுற்றினால் அது காட்டுகிற எண். பனிச்சறுக்கு நடத்துகிறவர்கள் ராத்திரி எழுந்து பார்ப்பது இந்த எண்ணைத்தான், சாதாரணத் தெர்மாமீட்டரை இல்லை. உயரமும் உதவுகிறது, காற்றழுத்தம் குறைந்த இடத்தில் துளி இன்னும் கூடுதலாகக் குளிரும்.

இந்தப் பனியில் ஆறு கை வைத்த பூவை எல்லாம் தேடாதீர்கள், உருண்டை மணிகள்தான். நெருக்கமாகப் படிவதால் வெயிலுக்கும் சீக்கிரம் கரையாது. "கெமிக்கல் பனி, குழந்தைகளை விடாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சில நாடுகளில், கொன்ற பாக்டீரியாவின் புரதத்தை விதையாகச் சேர்ப்பது உண்டுதான், மற்றபடி அது தண்ணீரும் காற்றும். இதை அனுப்புகிற பெரியவர்களிடம் வாதாடி அலுத்துவிட்டேன். பள்ளிக்கு இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு துண்டு ஈரத்துணியும் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே அளந்து பார்ப்பார்கள். இதற்குக் காசில்லை என்கிறார்கள், ஆண்டு விழாவுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

மேகமில்லாத ராத்திரி, காய்ந்த காற்று, ஆளில்லாத சரிவு எல்லாம் சேர்ந்து வந்தது அவன் அதிர்ஷ்டம். வியாழக்கிழமை கோல்டு ஃப்ரண்ட், அதாவது குளிர்காற்றுப் படை, வருவதாக வானிலை அறிக்கை சொன்னது. டர்பனில் இருப்பவர்களுக்கு அதன் முன்னறிவிப்பு தெரியும், குளிர்காலத்திலும் மலைப்பக்கமிருந்து இறங்குகிற பெர்க் காற்று சூடாக அடிக்கும். மேலே மலையில் ஈரக்காற்று ஏறியதும் கணக்கே மாறிவிடும். ஈரப்பதம் 100-ஐ நெருங்க நெருங்கத் துளிக்கு ஆவியாக வழியில்லை, காற்று நிஜமாகவே மைனஸுக்குப் போனால்தான் மிஷினுக்கு வேலை. அதற்குள் வானமே கொட்டத் தொடங்கியிருக்கும்.

அவனை ஒரு நாள் முன்னாடியே கிளம்பச் சொன்னேன். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம், டர்பன்-ஜோகன்னஸ்பர்க் என்3 சாலையில் வண்டிகள் ராத்திரி முழுக்கப் பனியில் மாட்டி நின்றதை மறக்க முடியுமா? கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவனிடமிருந்து ஒரு படம் வந்தது: வேலியில் பக்கத்து பக்கத்தில் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் அடியில் ஈரமான காலுறை. காய்ந்தது 1 டிகிரி, காலுறை போட்டது மைனஸ் 4.